குறுக்குவெட்டு

மூச்சைப் பிடிக்கச் சொன்னேன், பிடித்தாள்.
புந்தா அரேனாஸில் அதை யாருக்கும் சொல்லித்தர வேண்டாம்.
தெருமுனை திரும்பினால் காற்று பல்லிடுக்கில் புகும்.
சில நாள் நகராட்சி கட்டிய கயிற்றைப் பற்றிக்கொண்டுதான்
வங்கிவரை போக முடியும்.

ஹெர்மினியா ஓயார்சோ, வயது ஐம்பத்தொன்று.
கணையத்தில் தொடங்கியது ஈரலுக்குக் குடிபோய்விட்டது.
எடை எழுபத்தெட்டு கிலோ. போன வருஷமும் அதுவே.
"பாருங்கள், இளைக்கவே இல்லை"
கதவருகே நின்று கணவன்
தராசுக்குச் சாட்சி சொன்னான்.

தராசுக்கு என்ன தெரியும்,
கொழுப்பு, நீர், கட்டி, கம்பளிக் காலுறை
எல்லாம் அதற்கு ஒரே தட்டு.

எனக்கு வேண்டியது ஒரு துண்டு.
இடுப்பு முள்ளெலும்புகளில் மூன்றாவதன் குறுக்கே
ஒரே ஒரு வெட்டு.
அதிலுள்ள தசைக்கெல்லாம் சிவப்புப் பூசுவேன்,
கோட்டைத் தாண்டாமல், சுட்டியை நகர்த்தி நகர்த்தி.
முதுகோரம் தடித்த பாளங்கள்,
எலும்பை ஒட்டி இரண்டு உருண்டை,
வயிற்றைச் சுற்றி ஈரத்துணி போல மெலிந்த பட்டைகள்.
பரப்பைக் கணினி சொல்லும்.
உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் ஓர் எண்.
எண்ணுக்கு ஓர் எல்லை வைத்திருக்கிறோம்.
அதற்குக் கீழே இருப்பவர்கள்
மேலே இருப்பவர்களுக்கு முன்னால் போகிறார்கள்,
சராசரியில்.
ஒவ்வோர் அறிக்கையிலும் அந்தச் சொல்லை எழுதுகிறேன்.
ஒருவரும் அதைப் படிப்பதில்லை.

முப்பத்தொன்று என்று வந்தது.

உடை மாற்றிவிட்டு, கேட்காமலே
என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள்.
விதிப்படி நான் திரையை அணைத்திருக்க வேண்டும்.

"அது லோமோ" என்றாள், முதுகோரத்தைக் காட்டி.
"இந்த உருண்டை இரண்டும் ஃபிலேத்தே.
குளிர்பதன ஆலையில் இருபத்தாறு வருஷம்
எலும்பு நீக்கும் மேசை. எனக்குத் தெரியாதா?"
கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டாள்.
"நடுநடுவே கறுத்து ஓடுகிறதே, கொழுப்புத்தானே?"
ஆமாம் என்றேன்.
"மாடு என்றால் அதற்குக் கூடுதல் விலை."
நான் பேசவில்லை.
"ஃபிலேத்தே ரொம்பச் சின்னது.
இதை நான் ஏற்றுமதிப் பெட்டியில் போடமாட்டேன்."

சிரித்தாள். சிரிப்பு முடிவதற்குள்
கை தன்பாட்டுக்கு இடுப்பைப் போய்ப் பிடித்தது.
அங்கே சதை இருந்தது, ஒரு கைப்பிடி நிறைய.
கையையும் திரையையும் மாறிமாறிப் பார்த்தாள்,
இரண்டு சாட்சிகளில் ஒருவரை
வெளியே அனுப்பப்போகிறவள் மாதிரி.

எத்தனை மாதம் என்று கேட்பாள் என நினைத்தேன்.
அதற்கு மனப்பாடமாய் ஒரு பதில் உண்டு.
அவள் வாயைத் திறந்து காட்டினாள்.
மேல்வரிசையில் இரண்டு திருகாணிகள், பல் இல்லாமல்.
"தவணையில் போட்டுக்கொண்டிருக்கிறேன்.
பாதிப் பணம் கட்டியாச்சு.
மீதியைக் கட்டட்டுமா, விடட்டுமா?"

இதற்கு அட்டவணை இல்லை.
முப்பத்தொன்றைப் பல்லால் வகுத்தால் என்ன வரும்?
மருந்தின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும்,
மெலிந்த தசை அவ்வளவு விஷத்தைத் தாங்காது,
கறி, முட்டை, பயறு, தினமும் நடை, படியேற்றம்,
அதையெல்லாம் மருத்துவர் சொல்வார் என்று சொன்னேன்.
"பல்லில்லாமல் கறியா?" என்றாள்.

அறிக்கையில் எண்ணை எழுதினேன்.
சராசரி என்ற சொல்லையும்.
நேரம் கழித்து வெளியே வந்தபோது
கயிற்றை இரண்டு கையாலும் பற்றி நடந்தேன்.
தோளிலிருந்து விரல்வரை எது இழுக்கிறது என்று
முதல்முறையாகப் பெயர்பெயராகத் தெரிந்தது.

ஒன்பது வாரம் கழித்து வந்தாள்.
முப்பது. எடை அதே எழுபத்தெட்டு.
படுக்கையில் ஏறுமுன் உதட்டை விரல்களால் விரித்து
இரண்டு பல்லையும் காட்டினாள்.
பக்கத்துப் பற்களைவிடக் கொஞ்சம் வெளுப்பு.
"கடித்துப் பார்த்தீர்களா?" என்றேன்.
"தினமும்" என்றாள்,
நான் சொல்வதற்குள்
மூச்சைப் பிடித்துக்கொண்டு.