இருபத்தொன்று

சயான் ஸ்டேஷன் கிழக்கு வாசலில்
வடாபாவ் வண்டிக்கும் சாவி ரிப்பேர்காரனுக்கும் நடுவே
மூன்றடி அகலம் என் கடை.
கிளிப்பில் தொங்கும் சீட்டுகள்
லோக்கல் போகும்போதெல்லாம் ஒருமுறை சிலிர்க்கும்.

திங்கட்கிழமை ஏஜெண்ட் வந்து
மராத்தியில் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனான்.
வாங்கவும் விற்கவும் இனி இருபத்தொன்று.
கட்டுப் பிரித்து எண்ணிக்கொண்டிருந்த பேச்சிராசா
எண்ணிக்கையை விட்டுவிட்டு நிமிர்ந்தான்.
அவனுக்கு ஐப்பசி வந்தால்தான் இருபது.

நேற்றுவரை பெரியவன்.
வோட்டுப் போட்டு, நகத்தில் மை இன்னும் போகாத பெரியவன்.
ஒரு தாள், நாலு மூலைப் பசை,
மறுபடி சின்னப்பையன் ஆகிவிட்டான்.
மீசை மட்டும் அப்படியே இருந்தது.

"டீயாவது வாங்கி வரட்டுமாக்கா?" என்றான்.
அதற்கு வயது கேட்பார் இல்லை.

சட்டத்தில் தப்பில்லை, எனக்குத் தெரியும்.
பதினொரு வயதில் இதே பலகைமேல் நின்று
இன்னிக்குக் குலுக்கல், இன்னிக்குக் குலுக்கல் என்று
தொண்டை கட்டக் கத்தியவள் நான்.
சின்னப் பெண் கையால் வாங்கினால் ராசி என்று
கன்னத்தைக் கிள்ளிவிட்டுச் சீட்டு எடுப்பார்கள்.
ஒருத்தருக்கும் பரிசு விழுந்ததாக நினைவில்லை.
கிள்ளியது நினைவிருக்கிறது.

இப்போது ஆதார் கேட்கிறேன்.
பிறந்த வருடத்தை விரல்விட்டுக் கழிக்கிறேன்.
"ரெண்டு மாசம் குறையுது தம்பி."
ஹெல்மெட் கழற்றாத டெலிவரிப் பையன்
சண்டை போடவில்லை, தெருவைக் கடந்தான்.
எதிரே பீடிக்கடைப் பின்புறம்
துண்டுத்தாளில் நம்பர் எழுதுகிறவர்
பிறந்த தேதி கேட்பதில்லை,
பெயரே கேட்பதில்லை.

ராத்திரி, பேச்சிராசாவின் கணக்கை முடிக்க
நோட்டைத் திறந்தேன்.
வாரா வாரம் சனிக்கிழமை,
பே. சீட்டு ஒன்று, பிடித்தம் இருபது.
நாற்பத்தொரு வாரம். எல்லாம் என் கையெழுத்து.
ஒரு எழுத்துகூட நடுங்கியிருக்கவில்லை.

சம்பளத்தோடு எண்ணூற்று இருபது சேர்த்துக் கொடுத்தேன்.
எண்ணினான். மறுபடி எண்ணினான்.
"எந்தச் சீட்டுக்கு விழுந்துச்சுக்கா?"

என்ன சொல்ல.
தாளின் ஒரு மூலை பசை விட்டு ஆடிக்கொண்டிருந்தது.
கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து நின்றேன்,
கல்யாண் ஃபாஸ்ட் கடந்து போகும்வரை.