தண்ணிக் கழிவு

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே, மாடியில்,
ஃபவுமி நானாவின் கடை.
"எட்டா பதினாறா, தங்கச்சி?
இருநூற்றம்பத்தாறா ஐந்நூற்றுப் பன்னிரண்டா?"
தேத்தண்ணிக்குச் சீனி கேட்பது மாதிரித்தான்
கேட்டார்.

நான் கணக்குப் பார்த்துவிட்டுத்தான் போயிருந்தேன்.
ஒரு கிழமை முழுக்க
பழைய கணினியின் மூச்சை எண்ணினேன்,
பத்தொன்பது சங்கத்துக் கணக்கும்
ஒன்றாய்த் திறந்து கிடக்கும் திங்கட்கிழமை உட்பட.
எட்டு ஜிபி நினைவகத்தில் ஏழரை போய்விடுகிறது.
அதற்கு மேல் ஒரு தாளைத் திறந்தால்
ஒற்றைக் காம்பராவில் ஒன்பது பேர் படுத்த கதைதான்:
ஒருத்தர் புரள, எல்லாரும் எழும்ப வேண்டும்.
அம்புக்குறி உறைந்து நிற்கும்.
டிக்கோயாச் சங்கத்துப் பொருளாளர் பொன்னழகி
தோளுக்கு மேலாய் எட்டிப் பார்த்துக் கேட்பாள்:
"காசு காணாம போச்சா,
மெஷின் காணாம போச்சா?"

ஆக, பதினாறு.
"இது பலகையோட பத்தவச்சது,
பொறகு கூட்டேலாது" என்றார் நானாவும்.
கூடுதல் விலையை என் தலை
தானாகவே பேராக மாற்றிக்கொண்டது:
அக்காவின் செக்ரோலில் இருபத்துநாலு பேர்,
அரைப் பேர் ஒன்றும் விழாமல்.
மாற்றாதே என்றால் கேட்கிற தலையா அது.

சேமிப்புக்கு வந்தோம்.
பெட்டியில் 256 என்று அச்சு.
திறந்து காட்டச் சொன்னேன். திரையில் 238.
மிச்சம் எங்கே?
"கம்பனி ஆயிரத்தால எண்ணுது,
மெஷின் ஆயிரத்து இருபத்துநாலால எண்ணுது."
சரிதான். ஆனால்
மடுவத்துத் தராசடியில் நின்று பழகியவளுக்கு
அதற்கு வேறு சொல் தெரியும்.
தண்ணிக் கழிவு. சாக்குக் கழிவு.
வெயில் எரிக்கிற நாளிலும் இரண்டு கிலோ.

பழைய தட்டைக் கிளறியபோது பார்த்தேன்:
பதினொரு வருடச் சங்கக் கணக்கு மொத்தமும்
அக்கா மகனின் ஒரு பிறந்தநாள் வீடியோவை விடச் சிறிது.
'கடைசி', 'கடைசி இரண்டு', 'மெய்யான கடைசி' என்று
ஒரே அறிக்கை ஆறு தரம்.
அழித்தேன்.
யாருடையதோ கல்யாண வீட்டுச் சாப்பாட்டுப் படங்கள்.
அழித்தேன்.

பிறகு அது.
மூன்று மணிநேரக் கூட்டம், பதினாலு ஜிபி.
மேடையில் மாலையோடு ஒருவர்,
ஆளுக்கு ஏழு பேர்ச் காணி என்கிறார்,
உறுதி என்ற சொல்லைப் பதினேழு தரம் சொல்கிறார்.
முத்திரை குத்திய உறுதி ஒன்றுகூட
எங்கள் டிவிஷனுக்கு வரவில்லை.
சொன்னதைத் தட்டெழுதினால் இரண்டு வரி,
ஒரு கிலோபைட்டும் தேறாது.
பின்வரிசையில்
நான் கை தட்டிக்கொண்டிருக்கிறேன்.

விரல் கொஞ்ச நேரம் நின்றது.
காணி கையில் வந்த அன்றைக்கு
அழித்துக்கொள்ளலாம்.

"இருநூற்றம்பத்தாறே போதும் நானா,
வெளியே செருகுகிற வன்தட்டு ஒன்றும் தாங்க, சின்னதா."
எதுக்கு என்று கேட்கவில்லை,
விலையைச் சொன்னார்.
சாரல் கண்ணாடியில் அடித்துக்கொண்டிருந்தது.
பில் புத்தகத்தில் அவர் பேனா ஊன்றும் முன்
நான் கேட்டேன்,
இந்த முறை நானே கேட்டேன்:
கழிவு எவ்வளவு?