ஒன்பது ஒன்பது இரண்டு

அவள் சொன்னாள்: ஒன்பது ஒன்பது இரண்டு.
நான் திருப்பிச் சொன்னேன்: ஒன்பது ஒன்பது இரண்டு.
சொல்லுக்குச் சொல் சரி.
ஒலிநாடாவில் இன்றும் சரியாகவே இருக்கிறது.

ஐஸ்லாந்தின் தென்மேற்கு முனை, டிசம்பர்,
மாலை ஐந்துக்கே கும்மிருட்டு.
எங்கள் விமானத்தின் வயிற்றில் பதினொரு டன் ஸ்ட்ராபெரி.
சரிவு காட்டும் ரேடியோக் கற்றை அன்று பழுது.
காற்றின் எடையை நம்பித்தான் இறங்க வேண்டும்.

பழைய 757. உயரமானியில் ஒரு சின்னச் சாளரம், கீழே குமிழ்.
அட்லாண்டிக் முழுக்க அதில் 29.92;
உயரே பறக்கிற எல்லோருக்கும் பொதுவான எண்.
குமிழில் விரலை வைத்தேன்.
திருப்ப வேண்டியிருக்கவில்லை.
கேட்ட எண் ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்தது,
எனக்காக யாரோ இடம் பிடித்து வைத்த மாதிரி.

ஸ்ட்ரவுட் தன் பக்கத்துச் சாளரத்தைப் பார்த்தார். "செட்."
"செட்" என்றேன்.
இரண்டு கண்ணாடிகள் ஒரே பொய்யைச் சொன்னால்
எங்கள் தொழிலில் அதற்குப் பெயர் சரிபார்ப்பு.

அவள் சொன்னது ஹெக்டோபாஸ்கல்.
நான் கேட்டது அங்குலம்.
டோலிடோவில் நான் கற்ற வானத்தில்
அவசரத்துக்கு முதல் இலக்கத்தை விழுங்கிவிடுவோம்;
விழுங்கியது எங்கே போகிறது என்று யாரும் கேட்டதில்லை.

சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பது
மரம் ஏறுகிறவனுக்கு. சறுக்கினால் அவனுக்குத் தொடை எரியும்.
நாங்கள் அறுநூறு அடி சறுக்கியிருந்தோம்.
கோப்பையில் காப்பி அசையவில்லை.

"ஆயிரம்" என்றது இயந்திரக் குரல்,
கீழே அலைமேல் ஒலிபோல எதையோ எறிந்து
திரும்பி வருவதை அளக்கிற இன்னொரு கருவி.
முள் ஆயிரத்து அறுநூறைக் காட்டியது.
எனக்குக் கேட்டது.
கேட்கவில்லை என்று எழுதினால் யாரும் மறுக்கப் போவதில்லை,
ஆனால் கேட்டது.
கேட்டதும் கீழே ஒரு குன்று இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.
இரண்டு விநாடியில், கடலுக்கு நடுவே,
எந்த வரைபடத்திலும் இல்லாத அறுநூறு அடிக் குன்றை
நானே கட்டி முடித்தேன்.

மேகம் கிழிந்தது. கீழே வெள்ளை.
ஓடுபாதைப் பனி என்றிருந்தேன்.
வெள்ளை நகர்ந்தது.

அப்போதுதான் மறுபடி அவள் குரல்:
உங்கள் உயரத்தை உடனே சரிபாருங்கள்,
ஒன்பது ஒன்பது இரண்டு
ஹெக்டோபாஸ்கல்.

ஸ்ட்ரவுட் எரிபொருளைத் திறந்தது நினைவில்லை.
முதுகு இருக்கையோடு ஒட்டியது நினைவிருக்கிறது.
மேலே போய், நடுங்குகிற விரலால் குமிழைத் திருப்பினேன்:
29.29.
இரண்டையும் ஒன்பதையும் மாற்றிப் போட்ட
ஏதோ மூன்றாம் வகுப்புத் தப்பு.

இரண்டாம் முறை இறங்கினோம்.
ஒரு பழம்கூட நசுங்கவில்லை என்று
சரக்குக்காரர் மகிழ்ந்து கையெழுத்துப் போட்டார்.
அவள் பெயர் ஸ்டெயினுன்;
பணி முடிய அவளுக்குப் பத்து நிமிடம் இருந்ததாம்.

அறிக்கை முடியும் வரை மூன்று நாள் தங்கச் சொன்னார்கள்.
கடலோரம் ஹால்பெராவின் விடுதி.
கூடத்துச் சுவரில் அவள் அப்பாவின் படகிலிருந்த பித்தளைக் காற்றழுத்தமானி.
காலையில் அதை நகத்தால் தட்டிப் பார்த்த பிறகே
அடுப்பில் கெட்டிலை வைப்பாள்.
"அன்றைக்கு அலமாரிக் கிண்ணமெல்லாம் அதிர்ந்ததே, நீங்கள்தானா?"
நாங்கள்தான்.
"அன்றைக்கு 744" என்றாள்.

அவளுடையது மில்லிமீட்டர்.
வீட்டுக்கூரை மேலும், ஸ்டெயினுனின் கோபுரத்தின் மேலும்,
நான் பார்த்த அந்த வெள்ளையின் மேலும்
அன்று உட்கார்ந்திருந்தது ஒரே காற்று.
மூன்று பேர் எடை போட்டோம்.
ஒருத்தி மட்டும் தராசைப் பார்க்கவில்லை.

படிவத்தில் "காரணம்" என்ற கட்டம் சின்னது.
அலகு என்று எழுதினேன்.
அடித்தேன்.
குன்று என்று எழுதினேன்.