ஒற்றைத் தடச் சுரங்கம்

செவ்வாய் இரவுகளில்
லாரியைத் துறைமுகத்தில் நிறுத்திவிட்டு
கழுவியும் போகாத மீன்தீவன வாசக் கையோடு
இயங்குதளம் படிக்கப் போகிறேன்.
ஃபாரோ தீவு, கிளாக்ஸ்விக், வலைக்கிடங்கின் மாடி.
ஏழு பேர். ஆறு நாற்காலி.
கடைசியாய் வருபவருக்கு ஜன்னல் திட்டு.
"முதல் பாடம் இதுதான்" என்றான் ஹானுஸ்.
"இருப்பது கொஞ்சம், கேட்பவர் பலர்.
நடுவில் நின்று பங்கிடுவதற்குப் பெயர் இயங்குதளம்."
என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவன்.
சாக்பீஸ் கையைத் தாடியில் துடைப்பான்.

ஒரே செயலி.
ஒவ்வொரு பணிக்கும் ஒரு துளி நேரம்.
துளி தீர்ந்ததும் மணி அடிக்கும்:
விட்ட இடத்தைக் குறித்து வை, எழுந்திரு,
அடுத்தவன் உட்காரட்டும்.
திரும்பி வந்தால்
போனதே தெரியாமல்
அதே வரியில், அதே எழுத்தில் தொடங்கலாம்.
எனக்கு இது வாய்த்ததில்லை.
பாதி உரித்த உருளைக்கிழங்கை வைத்துவிட்டு
தொலைபேசி எடுத்தேனென்றால்
திரும்பும்போது கத்தி எங்கே என்று தெரியாது,
யாருக்காக உரித்தேன் என்பதும்.

மூன்றாம் வாரம் முட்டுக்கட்டை.
பலகையில் இரண்டு வட்டம், இரண்டு சதுரம்,
சுற்றிச் சுற்றி அம்பு.
இவன் கையில் இருப்பது அவனுக்கு வேண்டும்,
அவன் கையில் இருப்பது இவனுக்கு.
விடாக்கண்டனும் கொடாக்கண்டனும் அல்ல,
இருவரும் கண்ணியமானவர்கள்.
அதனால்தான்
மின்சாரம் போகும்வரை காத்திருப்பார்கள்.
நான்கு நிபந்தனை, நான்கும் கூடினால்தான் முடிச்சு என்றான்.
எனக்கு மூன்றுதான் மனதில் நின்றது.

நாலாவது சுரங்கத்தில் கிடைத்தது.

வியாழன். விடியாத எட்டு மணி.
மலைக்குள் ஒரு வண்டி அகலம் பாதை,
அங்கங்கே பாறையைக் குடைந்த ஒதுங்குமிடம்.
வடக்கே போகிறவர் ஒதுங்கவேண்டும்.
நான் வடக்கே.
ஒதுங்குமிடத்தில் ஏற்கெனவே ஒரு வாடகைக் கார்,
உள்ளே தேனிலவுத் தம்பதி.
எதிரே ட்ரோந்துரின் மீன் லாரி, விளக்கு முகத்தில்.
அவன் போனால்தான் கார் வெளியே வரும்,
நான் பின்வாங்கினால்தான் அவன் போவான்,
எனக்குப் பின்னால் பள்ளிப் பேருந்து,
அதற்கும் பின்னால் செம்மறி ஏற்றிய இழுவண்டி.
ஓட்டுவது மார்யுன். அவளுக்கு ரிவர்ஸ் வராது.
நாங்கள் முன்னே போகட்டும் என்று காத்திருக்கிறாள்.

எஞ்சின்களை அணைத்தோம்.
பாறை சொட்டுவது கேட்டது.
பேருந்துக் குழந்தைகள் சொட்டுகளை எண்ணத் தொடங்கினார்கள்.
நூற்றுப் பதினான்கில் ஞாபகம் வந்தது:
ஒருவர் பிடித்திருப்பதை
இன்னொருவர் பிடுங்கமுடியாது.
நாலாவது அதுதான்.

இறங்கி நடந்தேன்.
"மார்யுன், சாவியை விட்டுட்டு இறங்கு."
"என் வண்டி."
"தெரியும். இறங்கு."
இருநூற்றைம்பது மீட்டர்,
கண்ணாடியில் இருட்டைத் தவிர ஒன்றும் இல்லை,
ஆடுகள் ஒவ்வொரு வளைவுக்கும் என்னைத் திட்டின.
பிறகு திரும்பி நடந்து, பேருந்து. பிறகு என் லாரி.
தம்பதி எல்லாவற்றையும் படமெடுத்தார்கள்.
ட்ரோந்துர் கடந்துபோகையில் இரண்டு விரலை உயர்த்தினான்,
அவனுக்கு அதுவே நீண்ட பேச்சு.

மார்யுன் இன்றுவரை என்னிடம் முகம்கொடுத்துப் பேசவில்லை.
பாடக்குறிப்பில்
பிடுங்கப்பட்டவர் கோபித்துக்கொள்வதைப் பற்றி
ஒரு வரியும் இல்லை.

செவ்வாயன்று ஹானுஸிடம் சொன்னேன். சிரித்தான்.
"பெரும்பாலான கணினிகள் இதற்கு எதுவும் செய்வதில்லை.
அரிதாய்த்தானே நடக்கிறது என்று
நெருப்புக்கோழிபோலத் தலையைப் புதைத்துக்கொள்ளும்.
நடந்தால், அணைத்துப் போட்டுக்கொள் என்று விட்டுவிடும்."
எங்கள் தீவில் நெருப்புக்கோழி கிடையாது.
புதைக்கும் அளவு மணலும் குறைவு.

ஏப்ரலில் தேர்வு.
நான்கையும் எழுதினேன்.
நாலாவதற்கு உதாரணம் தருக என்றிருந்தது.
அச்சுப்பொறி என்று எழுதி
மை காயும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.