நெகிழ்ச்சி, படம் உள்ளே

ஒரு நாளைக்கு எட்டு உருக்கம் வரும் என் மேசைக்கு.
மாரி காலத்தில் பத்து.
மாணவியின் உருக்கமான கடிதம்,
மீனவரின் உருக்கமான வேண்டுகோள்,
வெள்ளத்தில் அகப்பட்ட நாய்க்கும்
உருக்கமான பார்வை.
ஒப்பு நோக்குவது என் வேலை.
உருக்கத்தில் எழுத்துப்பிழை வருவதில்லை,
ஆகவே விட்டுவிடுவேன்.

ஸ்டான்லி வீதியில், மருந்துக்கடைக்கு மேல் மாடி.
மின்விசிறி சுற்றும்போது
வேலை குறைந்த மத்தியானங்களில் நினைப்பேன்:
இந்தச் சொற்கள் ஒருகாலம்
கையால் வேலை செய்தவை.
உருக்கு என்றால் வெண்ணெய்ச் சட்டியும் நெருப்பும்.
உலுக்கு என்றவன் புளியங்கொப்பில் நின்றான்,
கீழே யாரோ சாக்கு விரித்திருந்தார்கள்.
நெகிழ்ந்தது வளை. வளை மட்டும்தான்.
மெலிந்த கையிலிருந்து அது கழன்று
தரையில் உருண்டு நிற்கும் வரைக்கும்
அந்தச் சொல்லுக்கு வேலை இருந்தது.
இப்போது யாழ்ப்பாணமே நெகிழ்கிறது
கிழமைக்கு மூன்று தரம்,
படம் உள்ளே.

செவ்வாய்க்கிழமை வந்த செய்தி இது.
பருத்தித்துறை பஸ்ஸில் விடுபட்ட பணப்பை,
நாற்பத்தோராயிரம் ரூபாய், ஒரு அடைவுத் துண்டு.
நடத்துனர் யோகதாசன்
நெல்லியடியில் வீடு தேடிப் போய்க் கொடுத்திருக்கிறார்.
'யாழில் நெகிழ்ச்சி சம்பவம்' என்று அனுப்பியிருந்தார்கள்.
நடுவில் ஒரு 'ச்' போட்டேன்.
அன்றைக்கு மொழிக்கு நான் செய்தது அவ்வளவுதான்.

மறுநாள் தொலைபேசி.
"தங்கச்சி, அந்த நெகிழ்ச்சி ஆற்றை?"
உங்களுடையதுதான் அண்ணை.
"நான் நெகிழேல்லையே.
கடைசி ட்றிப் முடிச்சு கால் உளைவோட போனனான்.
மனுசி பையை வாங்கி
கேற்றடியில என்னை நிக்க வச்சு எண்ணினவா.
ரெண்டு தரம்.
ரெண்டாம் தரம் எச்சில் தொட்டு.
எங்க பாக்கிறதெண்டு தெரியாமல்
அவையின்ர செவ்வரத்தம்பூவைப் பாத்துக்கொண்டு நிண்டன்.
அதையும் போடுங்கோவன்."

ஆசிரியர் குகநேசனிடம் சொன்னேன்.
"போட்டால் அந்த மனுசி வெளிய தலைகாட்டேலாது" என்றார்.
அதுவும் சரி.
துண்டிலிருந்த சங்கிலிக்கு அடுத்த நாள் தவணையாக இருக்கலாம்.
எண்ணாமல் யார்தான் விடுவார்?

குகநேசன்தான் தலைப்புகளுக்கு
நெஞ்சை உலுக்கும் என்று முன்னொட்டுகிறவர்.
போன வருடம் அவர் மனைவி
பெரியாஸ்பத்திரியில் கிடந்த மூன்று மாதமும்
ஒரு பெயரடை அவர் வாயில் வரவில்லை.
"சேலைன் ஏறுது" என்றார்.
"இண்டைக்குக் கஞ்சி குடிச்சவா."
பிறகு ஒரு காலை
"அந்தப் போர்வையைத் திருப்பிக் குடுக்க வேணும்,
வார்ட்டுக்குச் சொந்தமானது" என்றார்.
நாங்கள் நாலு பேரும்
கணினித் திரையைப் பார்த்தபடி இருந்தோம்.
யாரும் எதையும் தட்டெழுதவில்லை.

மரண அறிவித்தலை அவரே எழுதினார்.
பெயர், ஊர், பிள்ளைகள், தகனம், நேரம்.
நான் ஒப்பு நோக்கினேன்.
திருத்த ஒன்றுமில்லை.
அன்புடைய என்று சேர்க்கவா என்று கேட்க நினைத்து
கேட்கவில்லை.

நேற்று இரவு எனக்குக் கிடைத்தது யோகதாசனின் பஸ்.
படத்தில் பார்த்த மீசை.
என்னை அவருக்குத் தெரியாது.
ஐந்நூறு ரூபாய்த் தாள் நீட்டினேன்,
முனகிக்கொண்டே மிச்சம் தந்தார்.
தாள்களும் குற்றிகளும் கைக்குள் வந்தபோது
விரல் தானாக எண்ணத் தொடங்கியது.
செவ்வரத்தம்பூ ஞாபகம் வந்தது.
அப்படியே கைப்பைக்குள் போட்டு
சிப்பை இழுத்தேன்.
அவர் அடுத்த ஆளிடம் போய்விட்டார்.
எனக்குள் எதுவோ கொஞ்சம் தளர்ந்தது,
ஒரு வளை அளவுக்கு.

வீட்டில் விளக்கடியில் கொட்டிப் பார்த்தேன்.
இருபது ரூபாய் குறைவு.
தனியே நின்று சிரித்தேன்.
நாளைக்கும் அதே பஸ்தான்.