நல்ல தண்ணி மீன்

மண்டபத்தில் லாரித் தண்ணீர்
குடம் பத்து ரூபாய்.
தினமும் நாற்பது குடம்
உன் மீன்களுக்கே போகுது தாயி என்று
வாட்ச்மேன் முனியராஜ் கணக்கு வைத்திருக்கிறார்.
வடக்கே பெண்கடல், தெற்கே ஆண்கடல்.
நடுவே இந்தக் கண்ணாடி அறையில்
உப்பே அறியாத ஒரு சாதி.

தம்பி விசைப்படகுக்குப் போகிறவன்.
ஒருநாள் வந்து குனிந்து பார்த்தான்:
இரண்டு விரற்கணு நீளம், உடம்பெங்கும் நீலக் கோடு.
"கொழம்புல போட்டா தேடணுமே டெல்பின்."
சிரித்துவிட்டு
சூடை மீன் பையை மேசைமேல் வைத்துப் போனான்.
அது கசிந்ததை இரண்டு முறை துடைத்தேன்.

காலை ஆறரைக்கு விளக்கைப் போடுவேன்.
அவற்றுக்கு அதுதான் கிழக்கு.
சற்று நேரத்தில் முட்டைகள் சல்லடைக்குக் கீழே இறங்கும்,
கண்ணாடியில் செய்த கடுகு.
மறுநாள் நுண்ணோக்கியில் வைத்தால்
எதையும் மறைக்கத் தெரியாத உடம்பு:
துடிக்கிற இதயம்,
ஒவ்வொன்றாய் வரிசை கட்டிப் போகும் இரத்த அணுக்கள்.

மூன்றாம் வரிசைத் தொட்டிகளில் இருப்பவை
பரம்பரை ஏட்டில் ஒரு எழுத்து பிடுங்கப்பட்டவை.
பாலின் சர்க்கரையில் ஒரு பாதியை
அவற்றின் ஈரலால் கரைசேர்க்க முடியாது.
மீன் பால் குடிப்பதில்லை.
எனவே அந்தச் சர்க்கரையைத்
தண்ணீரில் நாங்களே கரைக்கிறோம்.
ஸ்பூனை எடுக்கும்போது
நான் தொட்டியைப் பார்ப்பதில்லை.

வேதாளை ஜெமிலாவின் மூத்தவன்
ஒன்பது நாள் இருந்தான்.
மஞ்சள் பூத்தது, கக்கினான், துவண்டான்.
இன்னும் பால் கொடு என்றார்கள்.
கொடுத்தாள்.
அடுத்தவளுக்கு, ஐந்தாம் நாளே,
மதுரையில் ஒரு டாக்டரம்மா பாலை நிறுத்தினார்.
மார்பில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டினார்கள், பால் வற்ற.
பூ ஒரு ராத்திரியில் வாடிவிட்டது.
பாலுக்கு எட்டு நாள் பிடித்தது.
இன்றைக்கும் கல்யாண வீட்டில் அந்த வாசம் வந்தால்
அவள் எழுந்து வாசலுக்குப் போய்விடுவாள்.

"சர்க்கரையா? இந்த வயசுலயா?"
"அந்தச் சர்க்கரை இல்ல."
பதினைந்து வருஷமாக இதே பதில்.

சப்ரின் இப்போது பத்தாம் வகுப்பு.
வரக்காப்பி குடிப்பாள்.
சொற்கள் அவளிடம்
அலைவாங்கிய வள்ளம் போல
கரைக்கு வந்தும் வராமலும் நிற்கும்.
நேற்று இருவரும் மீன் பார்க்க வந்தார்கள்.

"சல்லடை... எதுக்கு?"
இல்லாவிட்டால் முட்டையைத் தாயே தின்றுவிடும் என்றேன்,
பாடம் சொல்கிற குரலில்.
ஜெமிலா தொட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.
"அது தெரிஞ்சா திங்குது?" என்றாள்.

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.
நான் எதையோ ஈரத்துணியால் துடைத்தேன்.

மேசையில் நோட்டு திறந்தே கிடந்தது.
முதல் வரிசைப் பெண்மீன்: நூற்றெழுபது முட்டை.
மூன்றாம் வரிசை: முப்பத்தொன்று.
பாலை நிறுத்தி உயிரை மீட்டாலும்
பெண்ணாய்ப் பிறந்தவர்களிடம்
இந்த நோய் பின்னால் வந்து கேட்கும் பாக்கி அது.
ஏன் என்று தெரியத்தான்
மூன்று வருஷமாக எண்ணுகிறேன்.
முழங்கையால் பக்கத்தை மறைத்தேன்.

சப்ரின் அதற்குள் தட்டின் மேல் குனிந்துவிட்டாள்.
உதடு மட்டும் அசைந்தது.
எத்தனை நேரம் என்று தெரியாது.
பாம்பன் பக்கம் ஒரு ரயில் முழுதாய்ப் போய் முடிந்தது.

"முப்பத்தி... ரெண்டு."

இல்லம்மா, முப்பத்தொன்று என்று
சொல்ல வாய் திறந்தவள்
மறுபடி எண்ணினேன்.
தட்டின் விளிம்போடு ஒட்டிக்கொண்டு
ஒன்று இருந்தது.
உள்ளே ஏதோ சின்னதாய்ப் புரண்டது.

ஒன்றை அடித்து
இரண்டு என்று எழுதி
பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன்.
திருத்தினால் கையெழுத்து வேண்டும், அது விதி.

வெளியே தண்ணீர் லாரி ஹாரன் அடித்தது.
முனியராஜ் குடங்களை எண்ணத் தொடங்கினார்.