ஒன்று புள்ளி மூன்று

ஓவுலு நகரத்தின் விளிம்பில்
ஜன்னல் இல்லாத அறையொன்றில்
காரை உருளைகள்மேல் ஏற்றி, சங்கிலியால் கட்டி
ஓட்டுவது என் உத்தியோகம்.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தாறு.
உள்ளே விதிப்படி இருபத்துமூன்று டிகிரி.
அரை மணி நேரத்தில் இருபத்துமூன்று கிலோமீட்டர் போகிறேன்.
இறங்கும்போது என் காபி
வைத்த இடத்திலேயே ஆறியிருக்கிறது.

எதிர்காற்றுக்கு ஒரு விசிறி.
பனிக்கு ஒன்றும் இல்லை.
திரையில் ஒரு கோடு எழும், தாழும்;
என் வலது கால் அதன் நிழல்.

எவ்வளவு குடித்தாய் என்று
நாங்கள் காரைக் கேட்பதில்லை.
குடித்தவன் குறைத்துத்தான் சொல்வான்.
மூச்சைப் பிடித்துப் பைகளில் அடைத்து
அதிலுள்ள கரியை எண்ணி
பெட்ரோலைப் பின்னோக்கிக் கணக்கிடுகிறோம்.

முதல் சுற்றுகளில் மூச்சே வராது.
பைகள் தொங்கிக் கிடக்கும்.
மின்கலம் தீர்ந்த கணத்தில்
தொண்டையைச் செருமிக்கொண்டு எஞ்சின் விழிக்கும்.

ஆக, ஒரு காருக்கு இரண்டு எண்கள்.
மின்சாரம் இருக்கையில் ஒன்று, இல்லாதபோது ஒன்று.
இரண்டையும் எந்த விகிதத்தில் கலப்பது?
அங்கேதான் ஒரு கெழு வந்து உட்காரும்:
வீடு திரும்பும் மனிதர்கள்
களைப்பிலும் மறக்காமல் கம்பியைச் செருகுவார்கள் என்று
முகம் தெரியாத யாரோ வைத்த நம்பிக்கை,
தசமப் புள்ளிக்கு அப்பாலும் துல்லியமாக.

துய்ரேவின் காருக்கு நாங்கள் அச்சிட்டுக் கொடுத்தது
நூறு கிலோமீட்டருக்கு ஒன்று புள்ளி மூன்று லிட்டர்.

மார்ச்சில் அவள் வந்தாள்.
வீடு வீடாகப் போய் மருந்து கொடுக்கும் செவிலி.
பிஸ்கட் டப்பா நிறைய பெட்ரோல் ரசீதுகள்.
சண்டைக்கு வந்தவள்தான்,
ஆனாலும் பூட்ஸைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு வந்தாள்.
"உங்கள் எண்ணை எனக்கு ஓட்டிக் காட்டுங்கள்."

ரசீதுகளை வரைபடத்தில் ஏற்றினேன்.
இலையுதிர்காலம் முழுக்க மூன்று, மூன்று புள்ளி ஒன்று.
டிசம்பரில் மூன்று புள்ளி எட்டு. குளிர்; புரிகிறது.
ஜனவரி கடைசியில் ஆறு புள்ளி நான்கு.
அதற்குப்பின் வெயில் வந்தும் கோடு இறங்கவே இல்லை.

"மின்கலம் போச்சு" என்றான் இல்போ.
இரண்டு நாள் நிரப்பி, இறக்கி, நிரப்பிப் பார்த்தோம்.
மின்கலத்தில் பழுதில்லை.
கம்பியிலும் இல்லை.

வரைபடம் செங்குத்தாக ஏறும் இடத்தில்
துய்ரே விரலை வைத்தாள்.

"என் குடியிருப்பில் இருப்பது எஞ்சினைச் சூடாக்கும் கம்பம்,
இரண்டு மணி நேரத்தில் தானே அணைந்துவிடும்.
பகலில் ஊர்போ வீட்டு முற்றத்தில் செருகிவிட்டு
அந்தத் தெருவின் ஏழு வீடுகளையும் நடந்தே முடிப்பேன்.
சக்கர நாற்காலியில் வந்து
ஜன்னல் வழியே அவரே கம்பியை நீட்டுவார்.
காசு தந்தால் வாங்கமாட்டார்.
முதலில் அதற்குச் சாப்பாடு, அப்புறம் எனக்கு ஊசி என்பார்."

விரலை எடுக்கவில்லை.

"இருபத்திரண்டாம் தேதி
அந்த வீட்டு மின் இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள்."

இல்போ டப்பாவின் மூடியைத் தேடினான்.
அது அவன் கையிலேயே இருந்தது.

படிவத்தில் 'மாறுபாட்டுக்கான காரணம்' என்று ஒரு கட்டம்.
தட்பவெப்பம், பாரம், ஓட்டும் முறை, சக்கரக் காற்றழுத்தம்
என்று தெரிவுகள்.
எதையும் குறிக்காமல் கையெழுத்திட்டேன்.

மறுநாள் வேறொரு கார், அதே உருளைகள், அதே கோடு.
ஒன்பதாவது நிமிடம்
கோடு ஏறியது, என் கால் ஏறவில்லை.
ஒரு நொடிக்குச் சற்று அதிகம்.
இயந்திரம் குறித்துக்கொண்டது:
ஓட்டுநர் பிழை. மீண்டும் தொடங்கவும்.